சவரிமுத்துவின் முன்கொம்பு

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நண்பர்களே, சவரிமுத்து இறந்த செய்தி நம் போர்டு வழியாகவே வந்தது. அன்று காலைப் பணியில் இருந்தவன் நான். மானகிரிப் பக்கத்தில் இருக்கும் அவர் ஊரிலிருந்து அவருடைய மூத்த தம்பி பேசினார்.

"அண்ணன் போயிட்டாக சார். ராத்திரி சப்பரத்தத் தோள்ல வச்சபடியே போயிட்டாக. கொடுத்து வச்ச சாவு."

எனக்குக் கோபம் பொங்கியது. இன்னும் அது அடங்கவில்லை. அடக்கமான அஞ்சலியை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நம் மாடிப்படியில் அவர் பாதியில் நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோல் நிற்பார். கேட்டால், "நான் எங்க நிக்கிறேன், படியில்ல என்னய நிறுத்துது" என்பார்.

ஒருவழியாக மதுரைக்குக் கூட்டிப்போனோம். இதயத் தசையின் உள்ளடுக்குக்கு ரத்தம் போதவில்லை, அங்கே பழுதும் ஆகியிருக்கிறது, கனம் எதுவும் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் சவரிமுத்து எனக்கு விளக்கினார்: "கம்மாயில தண்ணி கொறஞ்சா கடைமடை வயலுதானே மொதல்ல காயும்? அதுமாதிரி நெஞ்சுக்குள்ள கடைசி வயலு காயுதாம்." விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

புரியாதது அவர் வீட்டாருக்கு. புரிய விருப்பமில்லாதது என்பதே சரி. அவர்கள் ஊர்க் கோவில் திருவிழாவில் சப்பரத்தைத் தூக்கும் கழிகளில் வலது முன்கொம்பு அந்த வீட்டு மூத்தவருக்கு உரியது. அவர் ஒரு வருடம் தோள் கொடுக்காவிட்டால் கொம்பு மேலத்தெருவுக்குப் போய்விடும். நானே போய்ச் சொல்லிப் பார்த்தேன்.

"அது வாயு சார்," என்றார் தம்பி. "இஞ்சிச் சாறு குடிச்சா எறங்கிரும். கொம்ப விட்டுட்டு ஊருக்குள்ள எப்புடித் தலகாட்டுறது?"

சவரிமுத்துவின் மனைவி பிலோமினா அடுப்படி வாசலில் நின்று அழுதார். சவரிமுத்து என்னிடம், "தூக்க மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலய்யா" என்றார். அவர்மேலும் எனக்குக் கோபம்தான். செத்தவர் என்பதற்காக மறைக்க மாட்டேன்.

அடக்கத்தன்று நடந்தது அதைவிட அசிங்கம். பெட்டி வீட்டில் இருக்க, இனி முன்கொம்பு யாருக்கு என்று தம்பிகள் இருவரும் வாசலில் கத்திக்கொண்டார்கள். மூத்தவர் மகனுக்குத்தான் என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பையனும் தலையாட்டினான்.

பெட்டியைத் தூக்கத் தம்பிகள் உள்ளே வந்தபோது பிலோமினா எழுந்து குறுக்கே நின்றார். "இவுகளத் தூக்க உங்க தோளு வேணாம். நீங்க தள்ளுங்க" என்றவர், நம் பக்கம் திரும்பி, "அண்ணே, ஆபீஸ்காரக எல்லாம் வாங்க" என்றார். மகனைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "நீ எந்தக் கொம்பையும் தொடக்கூடாது. இப்ப அப்பா முன்னால சொல்லு."

"தொட மாட்டேன்ம்மா" என்றான் பையன்.

நாம்தான் தூக்கினோம். சவரிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொல்ல வாய் வராமல் போன 'மாட்டேன்' என்ற அந்தச் சொல். அதை அவர் மகன் வாயிலிருந்து கேட்டு வைத்திருக்கிறேன்.