இரண்டு பாங்குகளுக்கு நடுவே ஒரு நேர்முகம்

"இம்முறை உங்களைத் தெரிவுசெய்ய முடியாமைக்கு வருந்துகிறோம். இத்திட்டத்துக்கு ஒருவர் இரு தடவைகள் மட்டுமே விண்ணப்பிக்கலாம்."

ஹிஜ்ரி 1445, ஷவ்வால் பிறை இருபது, திங்கட்கிழமை. என் மகள் சஹ்லாவுக்கு இங்கிலாந்திலிருந்து வந்த மின்னஞ்சலின் கடைசி இரண்டு வரிகள் இவை. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழாக்கியிருக்கிறேன். அதை அச்செடுத்து, தலைப்பில் பிறையும் கிழமையும் எழுதி வைத்தேன். நீர்ப்பாசனக் காரியாலயத்தில் குளத்து நீர்மட்டத்தை நாள் தவறாமல் பதிந்து ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் திகதி போடாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். கல்முனையில் யார் வீட்டில் பூனை குட்டி போட்டாலும் என்னிடம் திகதி இருக்கும் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள்.



சஹ்லா படிக்க விரும்பியது அனர்த்த முன்னெச்சரிக்கை. வெள்ளமோ புயலோ கடலோ வருகிறது என்ற செய்தி மக்களின் காதுக்கு நேரத்தோடு போய்ச் சேர்வது எப்படி என்கிற படிப்பு. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஆசை ஏன் வந்தது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. முழுப் புலமைப்பரிசில் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் இல்லை. எங்கள் வீட்டில் மூன்றாவது வழி கிடையாது.

முதல் நேர்முகம் கெட்டது சத்தத்தால். கணினித் திரையில் மூன்று பேர் கேள்வி கேட்கிறார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஒழுங்கைக்குள் ரொட்டி விற்கும் பாண் ஓட்டோ பாட்டோடு வந்து நின்றது. பிள்ளை கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். ஓட்டோ போய், திரும்பி வந்தது. மறுபடியும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்க வெட்கப்பட்டு, விளங்காத கேள்விக்கு விளங்காத பதிலைச் சொல்லிவிட்டு அழுதுகொண்டே எழும்பி வந்தாள். மின்னஞ்சல் வந்த பிறகு கணினியை மூடிச் சீலையால் போர்த்திவிட்டாள். வீட்டுக்குள் ஒரு மையித்தைக் கிடத்தியது போலிருந்தது எனக்கு.

மீண்டும் விண்ணப்பிக்க அவளைச் சம்மதிக்க வைத்தது என் மனைவி சுபைதாதான். "பாண்காரன்ட பாட்டுக்குத் தோத்துப்போன புள்ளண்டு ஊர் செல்லும். பரவாயில்லையா?" என்று கேட்டாள். சஹ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீலை விலகியது.

இரண்டாம் நேர்முகத்துக்கு நாள் வந்தது. ஹிஜ்ரி 1446, றமழான் பிறை பத்து, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் பிற்பகல் இரண்டரை. நான் உடனே தொழுகை நேர அட்டையை எடுத்துப் பார்த்தேன். நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். பிற்பகல் தொழுகையான அசர் பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கும். இரண்டு பாங்குகளுக்கும் நடுவே அல்ஹம்துலில்லாஹ், நல்ல அமைதியான இடைவெளி.

பாங்குக்கும், தொழுகை தொடங்குமுன் சொல்லும் இகாமத்துக்கும் இடையில் கேட்கும் துஆ தட்டப்படுவதில்லை என்று படித்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகை வக்திலும் அந்த நேரத்தில் கையேந்தினேன். "யா அல்லாஹ், றமழான் பத்து, இரண்டரை மணியிலிருந்து அசர் வரைக்கும் எங்கட ஒழுங்கையில ஒரு சத்தமும் வராமலாக்கு" என்பதே என் துஆ. வீட்டில் சத்தமாகக் கேட்டபோது சுபைதாவின் காதில் விழுந்துவிட்டது.

"என்ன மனிசன் நீங்க! அல்லாஹ்வுக்கே டைம்டேபிள் போட்டுக் குடுக்கிறீங்களே."

"குழப்பம் வராம செல்றன்."

"அவனுக்குக் குழப்பமா, ஒங்களுக்கா?"

கேட்பதோடு நிற்காமல் முயற்சியும் செய்ய வேண்டும் அல்லவா? சொறிக்கல்முனையில் என்னோடு வேலை செய்த அருளானந்தம் என்ற நண்பர் இருக்கிறார். வயல் நடுவே வீடு. பிள்ளையை அங்கே கொண்டுபோகலாமா என்று தொலைபேசியில் கேட்டேன். "தாராளமா வாங்க. ஆனா இப்ப வெள்ளாமை வெட்டு. வீட்டு வாசல்ல வெட்டு மெசின் நிக்குது. ஒங்கட பிள்ளை கதைக்கிறது இங்கிலாந்துக்குக் கேக்காது, மெசின் கதைக்கிறது கேக்கும்" என்றார். அந்தத் திட்டம் அதோடு முடிந்தது.

பிறகு பள்ளிவாசலுக்குப் போய், பாங்கு சொல்லும் முஅத்தினைக் கண்டேன். எங்கள் ஒலிபெருக்கியில் பாங்கு மட்டுமா வரும்? தண்ணீர் வெட்டு, காணாமற்போன ஆடு, வழியில் கிடந்த திறப்புக்கோர்வை என்கிற சாவிக்கொத்து, மவுத்து என்கிற மரணச் செய்தி, எல்லாம் வரும். அன்றைய தினம் அவற்றைக் கொஞ்சம் தள்ளிப்போட ஏலுமா என்று கேட்டேன்.

"ஆடு, மாடு, திறப்பு எல்லாத்தையும் அசருக்குப் பிறகு போடலாம் சேர்," என்றார் அவர். "மவுத்து வந்தா மட்டும் என்னால நிப்பாட்ட ஏலா."

"அது சரி மோதின். மவுத்து வராது, இன்ஷா அல்லாஹ்."

"அத நீங்களும் நானுமா முடிவெடுக்கிற?" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. எல்லாரும் நோன்பு. சஹ்லா முன் அறையில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்; மூடினால் அந்த வெக்கையில் இருக்க முடியாது. நான் படலைக்கு வெளியே கதிரை போட்டுக் காவலிருந்தேன். எதிர்பார்த்தபடியே பாண் ஓட்டோ வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன்.

"பாட்டை நிப்பாட்டுங்க தம்பி. மகளுக்கு இன்டர்வியூ."

"பாட்டில்லாட்டி பாண் விக்குமா சேர்? நோன்பு திறக்க ரோல்ஸ் கொண்டுவாறன்."

"இண்டைக்கு ஒரு நாளைக்கு."

"சரி, பாட்டு வேணாம். ஹோர்ன் அடிக்கட்டா?"

"தம்பி!"

அவன் சிரித்துக்கொண்டே ஓட்டோவை இறங்கித் தள்ளிக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தான். அல்லாஹ் அவனுடைய வியாபாரத்தில் பரக்கத் செய்யட்டும்.

யன்னல் வழியாக மகளின் குரல் கேட்டது. பாடமாக்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி, செயலி, கோபுரம் என்று ஒப்புவித்தாள். பிறகு ஒரு பெண் குரல் ஒரு கேள்வி கேட்டது. கைத்தொலைபேசி இல்லாதவருக்கு, வாசிக்கத் தெரியாதவருக்கு, அந்த எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

மகள் தடுமாறினாள். ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினாள், நிறுத்தினாள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஜனாஸா அறிவித்தல். ஜனாஸா அறிவித்தல். கடற்கரை வீதியைச் சேர்ந்த ஜனாப் ஆதம்பாவா அவர்கள் காலமானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்..."

என் துஆவில் நான் நிறுத்தச் சொன்ன அதே ஊர்ச் சத்தம், நான் சொன்ன அதே நேரத்துக்குள். தலையில் கை வைத்துக்கொண்டேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். உள்ளே சஹ்லா பேச்சை நிறுத்திவிட்டாள். மவுத்துச் செய்தி வந்தால் எங்கள் வீடுகளில் யாரும் பேசமாட்டார்கள். யார் என்று தெரியும்வரை கேட்டுக்கொண்டிருப்போம். அவளும் அதைத்தான் செய்தாள். இங்கிலாந்தின் மூன்று பேரையும் காத்திருக்க வைத்துவிட்டு அறிவித்தலைக் கேட்டாள். அன்னார் இன்னாரின் கணவர், இன்னாரின் தகப்பன், இன்னாரின் மருமகன் என்று வாசிக்கப்பட்டது.

மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டு ஜெமீலா தாத்தாவின் தலை தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அக்காவைத்தான் தாத்தா என்போம். கையில் மா பிசைந்த ஈரம்.

"சேர், யாரு மவுத்தாம்?"

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

"என்ன, ஊமையா நீங்க? எந்த ஆதம்பாவா? மீன் யாவாரியா, தச்சனா?"

இதுவும் யன்னல் வழியாக இங்கிலாந்துக்குப் போயிருக்கும்.

உள்ளே அந்தப் பெண் குரல் மெதுவாக ஏதோ கேட்டது. பிறகு மகள் பேசத் தொடங்கினாள். அதுவரை நான் கேட்டிராத குரல். பாடமாக்கியது ஒன்றும் அதில் இல்லை. ஊரில் ஒருவர் இறந்துவிட்டார், அதனால்தான் மௌனமாக இருந்தேன், மன்னியுங்கள் என்றாள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது உங்கள் காதில் விழுந்தது என்றாள். எங்கள் ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். இங்கே ஆண்கள் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய் வாழ்கிறவர்கள். ஆகவே பெயரைச் சொன்னால் போதாது, எந்த வீட்டு மருமகன் என்று சொன்னால்தான் ஆளைத் தெரியும் என்று விளக்கினாள். இப்போது மதிலால் எட்டிப் பார்த்துக் கேட்கிறாரே ஒரு பெண்மணி, அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கைத்தொலைபேசியும் இல்லை, ஆனால் அசருக்குள் இந்தச் செய்தி அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்கும் என்றாள். ஆடு தொலைந்தாலும் அறிவிக்கிற குரல் என்பதால்தான், கடல் வருகிறது என்று அது சொன்னால் மக்கள் ஓடுவார்கள். முன்பின் கேட்டிராத குரல் சொன்னால் ஓடமாட்டார்கள் என்றாள்.

ஆடு என்ற இடத்தில் அங்கே ஒருவர் சிரித்தது எனக்குக் கேட்டது. அதன்பிறகு அவர்கள் கேள்விகள் கேட்கவில்லை, உரையாடினார்கள். அசர் பாங்கு சொல்லியும் பேச்சு முடியவில்லை.

வெளியே வந்த மகளுக்குக் கண் கலங்கியிருந்தது. எப்படி என்று நான் கேட்குமுன் அவளே சொன்னாள்.

"வாப்பா, அந்த மனிசன்ட ஜனாஸாக்கு நீங்க போகணும். கட்டாயம் போகணும்."

போனேன். அந்த மனிதரை எனக்கு முன்பின் தெரியாது. தச்சர் என்பதே அங்கேதான் தெரிந்தது. அவருக்காகத் தொழுதேன், மூன்று பிடி மண் போட்டேன். நோன்பு திறக்கும் நேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஷவ்வால் பிறை இருபத்துநான்கு, புதன்கிழமை மாலை மின்னஞ்சல் வந்தது. இம்முறை முதல் வரியிலேயே "மகிழ்ச்சியுடன்" என்று இருந்தது. சஹ்லா கத்திய கத்தலில் ஜெமீலா தாத்தா மதிலில் ஏறிவிட்டார். "இப்ப யாரு மவுத்து?" என்று அவர் கேட்க, சுபைதா அழுதுகொண்டே சிரித்தாள். நாங்கள் மூவரும் நன்றிக்காக ஷுக்ரு ஸுஜூது செய்தோம். அடுத்த நாள் வட்டிலப்பம் அவித்து, முதல் தட்டை முஅத்தினுக்கும் இரண்டாவதைப் பாண்காரத் தம்பிக்கும் கொடுத்தேன். மூன்றாவதை மதிலுக்கு மேலால் நீட்டினேன்.

மகள் இப்போது அங்கே படிக்கிறாள். "ஒரே அமைதி வாப்பா, பயமா இரிக்கி" என்று சென்ற வாரமும் தொலைபேசியில் சொன்னாள். அவள் ஆய்வுக்கு எடுத்திருக்கும் தலைப்பு, ஊர்ப் பள்ளிவாசல்கள், கோயில்கள், தேவாலயங்களின் ஒலிபெருக்கிகள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நான் கேட்டது அமைதி. கொடுக்கப்பட்டது சத்தம். என் துஆ தட்டப்பட்டுவிட்டது என்று நான் தலையில் கை வைத்த அந்தக் கணத்தில்தான் அது ஏற்றுக்கொள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. இப்போதும் நான் ஒவ்வொரு வக்திலும் கேட்கிறேன். ஆனால் நேரமும் வழியும் போட்டுக் கேட்பதில்லை. தேவையை மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். மனது லேசாக இருக்கிறது. பிள்ளைகளின் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வாடிய முகத்தோடு காத்திருக்கும் உம்மா வாப்பாமார் இதை வாசித்தால், என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒரு தடவை இல்லை என்று வந்ததற்காகக் கையைக் கீழே போடாதீர்கள். கேளுங்கள். அவனுக்குச் செவி உண்டு.

ஒரு விடயத்தை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதி முடிக்கிறேன். எங்கள் ஊரில் மவுத்துச் செய்தி தாமதிப்பதில்லை. வந்த கையோடு அறிவிப்பார்கள். ஆதம்பாவா காலமானது காலையில் என்றும், லுஹருக்கு முன்பே பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம் என்றும் அவருடைய மூத்த மகன் என்னிடம் சொன்னார். அப்படியானால் அந்த அறிவித்தல் நேர்முகம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். முஅத்தினோ, செய்தி கைக்குக் கிடைத்த உடனேயே ஒலிபெருக்கியைத் திறந்ததாகச் சொல்கிறார். யாரிடம் சொல்லி அனுப்பினார்கள் என்பது மகனுக்கு நினைவில்லை. யார் வந்து சொன்னார் என்பது முஅத்தினுக்கும் நினைவில்லை. இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்லர். அந்த இடைப்பட்ட நேரத்தில் செய்தி எங்கே இருந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.