ஜெர்மனி மைக்குத் தொட்டி, நம்மூர் மைக்கு ஓடை

ஒரு புத்தகம் அச்சாகும்போது எவ்வளவு மை காகிதத்துக்குப் போகிறது, எவ்வளவு ஓடைக்குப் போகிறது என்பது மிஷின் கழுவுகிறவனுக்குத்தான் தெரியும்; அது ஜெர்மனிக்காரனுக்கும் தெரிந்துபோன அன்றைக்குத்தான், பாதி ஏற்றிய லோடை முதலாளி இறக்கச் சொன்னார்.

பாதி லோடு

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டி போகிற ரோட்டில் எங்கள் பிரஸ். எனக்குப் பதினெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள், பிடிக்கவில்லை. கலர் மாற்றும்போதெல்லாம் மிஷின் உருளைகளை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, அந்தக் கழுவலை வாளியில் பிடித்து, பின்வாசல் வழியாக ஓடையில் கொட்டுவது என் வேலை. நகக்கண்ணில் கறுப்பு போகாத சகாக்களே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அன்றைக்கு ஏறிக்கொண்டிருந்தது ஜெர்மனி ஆர்டர். சின்னப் பிள்ளைகளுக்கான படப்புத்தகம். கடல், திமிங்கிலம், கடைசிப் பக்கத்தில் ஒரு ஆமை. கடலைக் கெடுக்காதீர்கள் என்று அந்த ஆமை சொல்கிறதாம். போன மாதம் அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் வந்தபோது, சிகரெட் பிடிக்கப் பின்பக்கம் போனவர் ஓடையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். புத்தகத்தில் கடல் வருகிற பக்கத்தை நாங்கள் அச்சடித்த நாள் அது. ஓடை நல்ல நீலம். இப்போது மெயில் வந்துவிட்டது: ஓடை சுத்தமாகிற வரைக்கும் உங்களிடம் எதுவும் வாங்க மாட்டோம்.

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குப் பொருளாதாரத் தடை போடுவதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். அணுகுண்டு, யுத்தம் மாதிரி பெரிய விவகாரத்துக்கு. ஒரு ஓடைக்காகவும் போடுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதலாளிக்கும் அன்றைக்குத்தான். லாரிக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்: "அவன் ஊர்க் கடலுக்கும் நம்ம ஓடைக்கும் என்னய்யா சம்பந்தம்? நான் என்ன அங்கன வரைக்கும் பைப்பு போட்டா விடுதேன்?"

ஓடையைப் பார்த்து வேலைக்கு வருகிறவர்கள்

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. அங்கே இருக்கும் முத்துமாரி அக்கா எங்கள் பிரஸ்ஸில் பேக்கிங். பேக்கிங் ஆட்களுக்கு லோடு இருந்தால்தான் வேலை. வா என்று யாரும் போய்க் கூப்பிடுவதில்லை. ஓடையில் கலர் வந்தால் மிஷின் ஓடுகிறது, மறுநாள் பேக்கிங் உண்டு என்று அவர்களாகவே வந்துவிடுவார்கள். சிவப்பு மட்டும் வந்தால் தீப்பெட்டி லேபிள். எல்லாக் கலரும் மாறி மாறி வந்தால் சாமி காலண்டர். "என்னலே, நீலம் கூடுதலா வருது, கிருஷ்ணரா?" என்று அக்கா இக்கரையைப் பார்த்துக் கேட்பார். பெரும்பாலும் கிருஷ்ணராகத்தான் இருக்கும்.

ஆனால் ஓடையை ஒட்டித்தான் அக்கா வீட்டுக் கிணறும் இருந்தது. அந்தத் தண்ணீரில் சோறு வைத்தால் மண்ணெண்ணெய் வாடை. காலனிப் பெண்கள் பல தடவை வந்து முறையிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதலாளி டீ வாங்கிக் கொடுத்து, பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஆர்டர் நின்ற மறுநாளே பேக்கிங்கில் பாதிப் பேரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அக்காவும் அதில் ஒருவர். பட்டாசு வேலையே வேண்டாம் என்று பிரஸ்ஸுக்கு வந்தவர் அவர். கழுத்தோரத்தில் தீக்காயத் தழும்பு இருக்கும். பிரஸ் இல்லையென்றால் மறுபடியும் பட்டாசுதான். அதே வாரம் பின்பக்கம் கழுவலுக்குத் தொட்டி கட்டக் குழி வெட்டினோம். நான் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா அக்கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "நாங்க வருசக்கணக்கா கத்துனப்ப ஒருத்தர் காதுலயும் விழல. ஊர் பேர் தெரியாதவன் வாங்க மாட்டேன்னதும் குழி வெட்டுறீக. நல்லதுதான். ஆனா அவன் கோபப்பட்டது மொதலாளி மேல, வீட்டுக்கு அனுப்புனது என்னைய!"

மஞ்சள் நீராட்டு

தொட்டி வேலை முடிவதற்கு முன்னாலேயே, ஓடையைப் பார்க்க ஆள் வருகிறது என்று தகவல் வந்துவிட்டது. முதலாளி தலையில் கை வைத்துவிட்டார். ஃபோர்மேன் செல்வம் அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். ஓடையில் படிந்திருக்கிற பழைய கலரை மறைக்க முடியாது. அதனால் அன்றைக்கு மஞ்சளை மட்டும் கழுவி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வருகிற வெள்ளைக்காரன் கேட்டால், மாரியம்மன் பொங்கல், மஞ்சள் நீராட்டு, ஊரே மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடியது என்று சொல்லிவிடலாம். நம்ப வைக்க நாலு கொத்து வேப்பிலையும் ஓடையில் மிதக்க விட்டார். அச்சடிக்க ஒன்றுமே இல்லாமல், காலையிலிருந்து உருளையில் மஞ்சள் மையைப் பூசிப் பூசிக் கழுவினேன். இப்படி ஒரு வேலையை வேறு எந்தப் பிரஸ்ஸிலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

கார் வந்து நின்றது. வெள்ளைக்காரன் இறங்கவில்லை. நூல் சேலை கட்டிய ஒரு கோயம்புத்தூர் மேடம் இறங்கினார். ஜெர்மனிக்காரர்கள் இந்த வேலைக்கு அமர்த்தியிருந்தது அவரைத்தான். மனப்பாடம் செய்ததை வீணாக்க மனசு வராமல் செல்வம் அண்ணன், "ஃபெஸ்டிவல் மேடம், எல்லோ வாட்டர் மேடம்" என்று ஆரம்பித்தார். மேடம் ஒரு குச்சியை ஓடையில் முக்கி மோந்து பார்த்தார். குச்சியை அண்ணனிடமே நீட்டினார். "ஏனுங்க, எங்கூருப் பக்கம் சாயத் தண்ணியில ஆறே கலர் மாறிப் போகுமுங்க. மஞ்சத் தண்ணி மண்ணெண்ணெய் வாசம் அடிக்கற கோயிலு எதுங்க? நானும் கும்புட்டுட்டுப் போறனுங்க."

கேட்காதே என்று காலை மிதித்த கேள்வி

மேடம் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. தொட்டியை முடியுங்கள், மறுபடியும் வந்து பார்க்கிறேன் என்றார். டீ குடித்தார். எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரியில் பருத்தி போட்டவர். மழை வர வேண்டிய மாதத்தில் வராது, பஞ்சு வெடித்து நிற்கும்போது கொட்டித் தீர்க்கும். பெரிய பெரிய நாட்டுக்காரர்கள் விடுகிற புகையால் பூமி சூடாகி, மழை தடம் மாறுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தான். நிஜமோ பொய்யோ, எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டுப் பார்க்கலாமே.

"மேடம், நாங்க ஓடையக் கெடுத்தா அவுக வாங்க மாட்டேங்காக. சரி. அவுக புகையால எங்கப்பா பருத்தி போச்சுன்னா, நாங்க எதை வாங்க மாட்டேன்னு சொல்லணும்?" என்றேன். செல்வம் அண்ணன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. "நியாயமான கேள்விதானுங்க தம்பி. ஆனா அவிய வாங்கலைன்னா உங்க முதலாளிக்குத் தூக்கம் போகுது, நீங்க வாங்கலைன்னா அங்க யாருக்குப் போகுமுங்க? எனக்கும் அதுதான் புரியலைங்க."

சீசன்

தொட்டி முடிந்தது. மேடம் மறுபடியும் வந்து பார்த்தார். தடை நீங்கியது, ஆமைப் புத்தகம் கப்பலேறியது, முத்துமாரி அக்காவும் வேலைக்கு வந்தார். பட்டாசுப் பேச்சு நின்றது. கிணற்று வாடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றார்.

அப்புறம் காலண்டர் சீசன் வந்தது. முழுக்க முழுக்க நம்மூர் ஆர்டர். செல்வம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொட்டி நிரம்ப நிரம்பக் கசடை டிரம்மில் அள்ளி லாரியில் அனுப்ப வேண்டியிருக்கிறதாம், முதலாளிக்கு அது பிடிக்கவில்லையாம். "ஜெர்மனி மைக்குத் தொட்டி, நம்மூர் மைக்கு ஓடை. அவன் பார்க்கப் போறது அவன் ஆர்டரத்தான். ரெண்டையும் கலந்துராதலே."

வாளியோடு பின்வாசலில் நின்று யோசித்தேன். கொட்டினால் அக்கா சோற்றில் மறுபடியும் மண்ணெண்ணெய். யாராவது போட்டோ எடுத்துவிட்டால் மறுபடியும் தடை, அக்காவுக்குப் பட்டாசு. எப்படிப் பார்த்தாலும் அடி அங்கேதான் விழும். மையைப் பார்த்தேன். கிருஷ்ணருக்கும் அதே நீலம்தான், திமிங்கிலத்துக்கும் அதே நீலம்தான்.

சில நாள் கழித்து அக்கா ஓடைக்கு அந்தப் பக்கம் வந்து நின்று சத்தம் போட்டார். முகம் சரியில்லை. "ஏலே, ஓடையில ஒண்ணுமே வரலையே! காலண்டர் ஆர்டர் படுத்துருச்சா? நான் பட்டாசுக்குச் சொல்லி வைக்கவா?"

"அதெல்லாம் இல்லக்கா, மிஷின் ஓடுது. எல்லாம் தொட்டிக்குப் போகுது. நாளைக்கு வாங்க" என்றேன்.

அக்கா தண்ணீரைக் குனிந்து பார்த்தார். அடியில் மணல் தெரிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப இனிமே வேலை இருக்கா இல்லையான்னு நாங்க எதைப் பாத்துலே தெரிஞ்சுக்கிடுறது?"

ஜெர்மனிக்காரர்கள் வாங்க மாட்டோம் என்று மெயில் போட்டார்கள். நான் மெயில் எல்லாம் போடவில்லை, ஓடையில் கொட்டு என்று செல்வம் அண்ணன் சொன்ன வாளியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, நாளைக்கு வேலை உண்டு என்று காலனியில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், அவ்வளவுதான்.