குழாயடிக் கல்

எங்கள் சந்திலிருந்து மலையாற்றூர் மலைக்கு நடந்துபோன அந்த வருடம், யார் என்ன சுமக்க வேண்டும் என்ற பட்டியலை எழுதியவள் நான்தான். டிப்ளமோ முடித்து, ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் சந்து. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே அதிகம். தவக்காலம் வந்தால் ஒரு கூட்டம் மலைக்கு, அங்கே முத்தப்பன் என்று கும்பிடும் புனிதரின் சிலுவைக்கு, நடக்கும். முதல் நாள் இடப்பள்ளி, இரண்டாம் நாள் ஆலுவா, மூன்றாம் நாள் மலை. முந்தின வருடம் ஒருவர் வெயிலில் மயங்கி விழுந்திருந்தார். ஏற்பாட்டை இந்த முறை படித்த பெண்ணிடம் விடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும், உப்பும் எலுமிச்சையும் யார் கையில், கொப்புளத்துக்குப் பஞ்சு எந்தப் பையில் என்று கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினேன். ஒருவர் பையும் நான்கு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது என் விதி. அதற்காக அப்பாவின் கிடங்கிலிருந்து கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்றையும் வாங்கி வந்திருந்தேன். புறப்படுவதற்கு முந்தின மாலை எல்லாப் பையையும் அதில் நிறுத்துப் பார்த்தேன்.

பதினான்கு பேரில் எதிர்வீட்டு அக்காவும் ஒருத்தி. இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. என்னை மலையாளத்தில் 'மோளே', மகளே, என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தைக்கு வலிப்பு வரும். முந்தின வருடம் தெருக்குழாயடியில் நின்றபோது வலிப்பு வந்து, குடம் வைக்கும் கல்லில் விழுந்து தலையில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலச் சீட்டை அக்கா என்னிடம்தான் கொண்டுவந்தாள். காலை மாத்திரை, இரவு மாத்திரை என்று கட்டம் போட்டு எழுதிக்கொடுத்தேன். கீழே சிவப்பு மையில், 'ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஆபத்து' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அதைக் கதவில் சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருந்தாள். மலைக்குக் கிளம்பும்போது குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டு வந்தாள்.

முதல் நாள் இடப்பள்ளியில் எல்லோரும் பைகளை இறக்கியபோது ஒரு பெருஞ்சிரிப்பு. கிடங்கில் சுமை தூக்கும் அண்ணன் தம்பி இருவர் தங்கள் அம்மாவோடும் மாமாவோடும் வந்திருந்தார்கள். அவர்கள் தங்கள் மாமாவின் பைக்குள் அரைச் செங்கல்லை ஈரத் துண்டில் சுற்றி வைத்துவிட்டார்கள். மாமா மட்டாஞ்சேரியிலிருந்து அதைச் சுமந்தே வந்திருந்தார்.

"மாமா, பாவம் குறையணும்னா பாரம் கூடணும்லா!"

"உங்க ரெண்டு பேரையும் பெத்ததே என் தங்கச்சி செஞ்ச பாவம்டா," என்றார் மாமா. அதற்கும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. வழியில் எப்போது வேண்டுமானாலும் யார் பையையும் மறுபடி நிறுப்பேன் என்று அறிவித்தேன்.

இரண்டாம் நாள் அக்காவின் குதிகாலில் கொப்புளம். ஆலுவாவுக்கு என் பட்டியல் சொன்ன நேரத்தைவிட ஒன்றரை மணி தாமதமாக வந்து சேர்ந்தோம். அவளுக்காக எல்லோரும் நின்று நின்று நடக்க வேண்டியிருந்தது. ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் தங்கினோம். மூன்றாம் நாள் விடியலில் பெண்கள் ஆற்றில் குளிக்கப் போயிருந்தபோது அக்காவின் பையைத் தராசில் மாட்டினேன். ஐந்தே முக்கால் கிலோ.

கேட்டிருக்கலாம். ஆற்றங்கரை ஐந்து நிமிட நடைதான். நான் கேட்கவில்லை. பையைத் திறந்தேன். அடியில் ஒரு சின்னப் பெண்ணின் பழைய கவுன், அதற்குள் சுருட்டி வைத்த ஒரு கறுப்புக் கல். தட்டையாக, ஒரு மூலை உடைந்திருந்தது. அண்ணன் தம்பியின் வேலை என்று உடனே முடிவு கட்டினேன். கல்லைக் கொண்டுபோய் மதிலோரம் மாமரத்தடியில் போட்டேன். கவுனை நன்றாக மடித்துப் பையிலேயே வைத்தேன். மறுபடி நிறுத்தபோது மூன்றே முக்கால். என் தாளில் அவள் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டேன்.

அவளுடைய கொப்புளத்துக்கு இரங்கித்தான் அப்படிச் செய்தேன் என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. என் நேர அட்டவணைக்காகத்தான் செய்தேன்.

அன்று அக்கா எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். காலடி ஊர்ப் பாலம் தாண்டும்போது திரும்பி என்னிடம் சொன்னாள்: "மோளே, இன்னைக்கு எனக்குப் பாரமே தெரியல கேட்டியா. யாரோ கூடப் பிடிக்கிற மாதிரி இருக்கு."

"காலைக் குளிர்ல அப்படித்தான் அக்கா இருக்கும்," என்றேன். மலை ஏறி முடித்த பிறகு எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொல்லி, அண்ணன் தம்பி இருவரையும் தலைகுனிய வைப்பதாகத் திட்டம். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு நடந்தேன்.

மதியம் தாண்டி உச்சிக்கு வந்தோம். சிலுவையைச் சுற்றி ஆட்கள் தங்கள் நேர்ச்சைகளை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் தோளில் சுமந்துவந்த மரச் சிலுவைகளைச் சாய்த்து வைத்தார்கள். அக்கா முட்டுக்குத்தி உட்கார்ந்து பையைத் திறந்தாள். கவுனை வெளியே எடுத்தாள். அதை உதறினாள். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"கல்லு," என்றாள். "எங்கொச்சு விழுந்த கல்லு. குழாயடிக் கல்லு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கல்லின் மேல் நான் பத்து வருடம் குடம் வைத்திருக்கிறேன். உடைந்த மூலையில் கால் இடித்து ரத்தம் வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக அது குழாயடியில் இல்லாததைப் பார்த்து, முனிசிபாலிட்டிக்காரர்கள் எடுத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மகளை அடித்த கல்லைத் தானே சுமந்துபோய் மலையில் விட்டுவிட்டு வருவதாக அக்கா நேர்ந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் தம்பியின் அம்மா பாய்ந்து வந்தாள். மூத்தவன் கன்னத்தில் ஒன்று விழுந்தது. "விளையாடுற எடமாடா இது? எடுத்த கல்லைக் குடு!"

"எம்மா, சத்தியமா இல்லம்மா! இந்தக் குரிசைத் தொட்டுச் சொல்றேன்!" அவன் ஓடிப்போய் சிலுவையைப் பிடித்துக்கொண்டான். இளையவனும் பிடித்தான். இருவரும் அழுதார்கள். அத்தனை பெரிய ஆண்கள் அழுததைப் பார்த்து ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

நான் அங்கேயே நின்றேன். வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை.

அக்கா கவுனை மார்போடு சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "யாரும் எடுக்கல. முத்தப்பன் எடுத்துட்டாரு. அதான் வழியெல்லாம் பாரம் தெரியல. இந்த மோளுகிட்டச் சொன்னேனே. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா," என்றேன். "சொன்னாங்க."

அது பொய் இல்லை. நான் சொன்ன வார்த்தைகளிலேயே கேவலமான வார்த்தை அதுதான். கூட்டம் கூடிவிட்டது. முன்பின் தெரியாத பெண்கள் வந்து கவுனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாமா ஜெபமாலையை ஆரம்பித்தார். நானும் பதில் சொன்னேன்.

இறங்கும் வழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இனி அந்த மாத்திரை வேண்டா மோளே. அது தின்னா கொச்சு எந்நேரமும் தூங்கி விழுது, ஸ்கூல்ல அடி வாங்குது. இன்னைக்கே நிறுத்திருவேன். நீ எழுதின பேப்பரைக் கிழிச்சுப் போட்டுருவேன்."

அதற்குப் பிறகும் பாதி மலை இறங்கும் வரை வேறு வழிகளை யோசித்துக்கொண்டிருந்தேன். டாக்டரை விட்டுச் சொல்லவைக்கலாமா? மருந்தும் அற்புதமும் சேர்ந்தே வேலை செய்யும் என்று சொல்லலாமா? நான் சொல்லாமலே காரியம் நடக்கும் வழி ஒவ்வொன்றையும் வரிசையாகப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. அடிவாரத்தில் மோர்ப்பந்தலில் மற்றவர்கள் வரிசையில் நின்றபோது அவளைத் தனியாக ஓரத்துக்கு அழைத்தேன்.

"அக்கா, கல்லை நான்தான் எடுத்தேன். ஆலுவாவில். விளையாட்டுக்கு யாரோ வச்சதுன்னு நினைச்சேன்."

அவள் கை என் கையிலிருந்து போய்விட்டது. என் முகத்தைப் பார்த்தாள்.

"மேல வச்சு ஏன் சொல்லல?"

நான் என் பையை மறு தோளுக்கு மாற்றினேன்.

"அந்தப் பையன் அடி வாங்கும்போது நீ பக்கத்துல தானே நின்ன?"

"ஆமா அக்கா."

"எங்க போட்ட?"

"பள்ளிக்கூட மதில் பக்கத்துல. மாமரத்தடியில."

மற்றவர்கள் எர்ணாகுளம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா ஜன்னலருகே போய், கால் வலிக்கிறது, ஆலுவாவில் தங்கிவிட்டு வருகிறோம் என்று சொன்னாள். பஸ் கிளம்பும்போது அண்ணன் தம்பியின் அம்மாவிடம், "எங்க வீட்டுல சொல்லு. நான் வர்ற வரைக்கும் மாத்திரை முடங்கக் கூடாது," என்றாள்.

"இனி எதுக்குடீ அது?"

"சொல்றதச் சொல்லு."

அடுத்த பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஆலுவாவில் இறங்கினோம். மாமரத்தடியில் கல் இல்லை. மதில் ஓரமாகவே போனோம். மறுபுறம் வேறொரு கூட்டம் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மூன்று கல். இரண்டு செங்கல், மூன்றாவது எங்கள் குழாயடிக் கல். ஒரு பக்கம் புகையேறியிருந்தது. உடைந்த மூலை வெளியே தெரிந்தது.

அக்கா அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கஞ்சி வேகும் வரை காத்திருந்தாள். அவர்கள் எங்களுக்கும் ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினார்கள். அவள் குடித்தாள். பானையை இறக்கிய ஆளிடம், "சேட்டா, அந்தக் கல்லு நமக்கு வேணும்," என்றாள். அவர் தண்ணீர் தெளித்தார். கல் சீறியது. ஆறும் வரை அவள் அதன் பக்கத்திலேயே இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அதே வழி. கையில் தாள் இல்லை, நேரம் பார்க்க யாரும் இல்லை. அவள் குதிகால் கொப்புளம் உடைந்து செருப்பில் ரத்தம் ஒட்டியிருந்தது. பையை நான் எடுத்துவருகிறேன் என்று மூன்று முறை கேட்டேன். முதல் இரண்டு முறை காது கேளாதவள் போல் நடந்தாள். மூன்றாம் முறை, காலடி ஊரைத் தாண்டி, நின்று திரும்பினாள்.

"நீ தொட வேண்டா. உன் தராசுல இது எத்தனை கிலோ வந்துச்சு?"

"ரெண்டு கிலோ அக்கா."

"ரெண்டு கிலோ," என்று தலையை ஆட்டினாள். பிறகு நடந்தாள். மலை உச்சி வரை அவளுக்குப் பத்தடி பின்னால் வெறுங்கையோடு ஏறினேன். அதற்கு முன்னும் பின்னும் அத்தனை கனமாக நான் எதையும் சுமந்ததில்லை என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் சுமந்தவள் அவள். நான் சும்மாதான் நடந்தேன்.

அவள் கல்லைச் சிலுவையடியில் வைத்தாள். கரி ஒட்டிய பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தாள். ஜெபிக்கும்போது அழவில்லை. முந்தின நாள் அவள் முகத்தில் பார்த்த அந்தச் சந்தோஷம் திரும்பி வரவில்லை. அதை நான்தான் கொடுத்தேன், நான்தான் எடுத்தேன்.

பஸ் பிடித்து இருட்டும் நேரத்தில் சந்துக்குத் திரும்பியபோது அற்புதம் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். கல் மறைந்த கதையை ஆளுக்கு ஆள் கேட்டார்கள். மூத்தவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே, தான் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்ததை நடித்துக் காட்டினான்.

"கல்லு இப்ப எங்கக்கா இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மலைமேல இருக்கு," என்றாள் அக்கா.

அது உண்மை. என் பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போய் மாத்திரையும் தம்ளரில் தண்ணீருமாக வந்தாள். மகளைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்க வாயைத் திறக்கச் சொன்னாள்.

"அய்யோ, இனியும் மருந்தா? முத்தப்பனை நம்பலியா நீ?"

"டாக்டர் போதும்னு சொல்ற அன்னைக்குத்தான் நிறுத்துவேன்," என்றாள். குழந்தை விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தது.

இப்போது நான் சொல்ல வேண்டிய இடம். மூத்தவன் பக்கத்தில் நின்றான். எல்லோரும் இருந்தார்கள். அடி வாங்கியதற்கு அவனிடமாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அன்றும் கேட்கவில்லை, இதை எழுதும் நாள் வரை கேட்கவில்லை. சந்தில் இன்றும் அதை அற்புதம் என்றுதான் சொல்கிறார்கள். அக்கா ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"உன் முறை வந்துட்டு," என்றாள் அக்கா என்னிடம். அந்தப் பேச்சில் மோளே இல்லை. "குடத்தை வை."

கல் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. வைத்தால் குடம் சாயும். நிறையும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.