வேப்பெண்ணெய் பூசிய தோல் பை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தப்பால்காரன்; தபால்காரனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். காலையில் தபால் கந்தோருக்குப் போய்க் கடிதங்களை வாங்கி வருவேன். தோட்டத்து ஆபீஸ், தேயிலை ஸ்டோர், தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் என்று எல்லா இடத்துக்கும் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஸ்டோர் என்றால் கடை இல்லை, தேயிலை அரைக்கிற தொழிற்சாலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை, கடிதத்தை நீட்டினால் போதும். அதனாலேயே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கித்தான் பை அடியில் கிழிந்து, ஒரு கட்டுக் கடிதம் மழையில் நனைந்துவிட்டது. தோட்டத்து மேனேஜர் தொரை என்னைக் கூப்பிட்டார். கிழிந்த பையையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"பதுளைக்குப் போ. நல்ல தோல் பேக் ஒண்ணு நீயே பார்த்து எடு. பத்து வருஷம் வரணும்."

நீயே பார்த்து எடு என்பது எனக்கு ஆகாத வேலை. என் கல்யாணச் சட்டையைக்கூட அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார்.

பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்குப் போனேன். கறுப்புப் பை ஒன்று, சிவப்பும் கபிலமும் கலந்த பை ஒன்று, சாயமே போடாத பை ஒன்று என்று மூன்றை என் முன்னால் வைத்தார். மூன்றாவது பை பச்சைப் பலாக்கொட்டையின் நிறத்தில் வெளிறி இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதும் கையை எடுப்பதுமாக அரைமணி நேரம் நின்றேன்.

"என்ன தம்பி, பேக் எடுக்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று நானா கேட்டார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

பிறகு அவரே பாவப்பட்டு எடுத்துச் சொன்னார். கறுப்புப் பையின் ஓரத்தை நகத்தால் கீறினார். மேல்பூச்சு உரிந்து அடியில் துணி தெரிந்தது. "இது தோலே இல்ல." அடுத்த பையைக் காட்டி, "இது தோல்தான், ஆனா சாயம் எல்லா குறையையும் மூடிடும்" என்றார். மூன்றாவதை மடித்தார். மடித்த இடம் வெளிறி, விட்டதும் பழைய நிறத்துக்குத் திரும்பியது. மூடியில் ஒரு நீளக் கோடு இருந்தது. மாடு உயிரோடு இருந்தபோது முள்ளுக்கம்பி கீறிய தழும்பாம். "வெயில் பட்டா கறுக்கும், கை பட்டா மினுங்கும். ரெண்டு வருஷத்துல கித்துள் பாணி மாதிரி கருஞ்சிவப்பா ஆயிடும். நனைஞ்சா நிழல்ல காய வைங்க, நெருப்புக்கிட்ட வேணாம். இடைக்கிடை கொஞ்சம் எண்ணெய் பூசுங்க."

என்ன எண்ணெய் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு தடவை சிரித்துவிடுவார்களோ என்று பயம். அந்தச் சாயம் போடாத பையையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊர் வந்து சேர்வதற்குள் ஜன்னல் வழியாக நான்கு தூறல் துளி பையின் மேல் விழுந்தது. நான்கும் நான்கு கறுப்புப் புள்ளியாக நின்றன. புதுப் பையைப் பாழாக்கிவிட்டேன் என்று அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனால் மாதம் போகப் போகப் பை முழுவதும் நிறம் ஏறி, அந்தப் புள்ளிகள் அதற்குள் கரைந்துபோயின. இடுப்பில் உரசும் பக்கம் முதலில் சிவந்தது. நான் பிடிக்கிற இடத்தில் வார் வழுவழுப்பானது. பைக்கு மட்டும் தெரியும் நான் எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறேன் என்று.

போன ஐப்பசியில் மழை விடவே இல்லை. என் பெண்சாதி கந்தசஷ்டி விரதம் இருந்தாள்.

"மாட்டுத்தோல உள்ள கொண்டாராதீங்க. ஆறு நாளைக்கு அது வெளியிலேயே கெடக்கட்டும்" என்றாள்.

எங்களுக்கு இருப்பது லயத்தில் ஒரே அறை, ஒரு காம்பரா. சாமிப் படமும் அதற்குள்தான். பையை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் ஆணியில் மாட்டினேன். மூன்றாம் நாள் பையில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஆட்டுப் புண்ணுக்கு வாங்கி வைத்த வேப்பெண்ணெய் கைக்குக் கிடைத்தது. பூச்சி புழுவுக்கே ஆகாத எண்ணெய் பூஞ்சணத்தையும் கொல்லும் என்று நினைத்து, பை முழுவதும் தாராளமாகத் தேய்த்தேன். அன்றைக்கே மழையில் மாட்டிக்கொண்டேன். பை ஊறிப்போனது.

வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. அடுப்புக்கிட்ட வைக்கக் கூடாது. மறுநாள் காலையில் பை வேண்டும். பின்னேரம் ஸ்டோருக்குக் கடிதம் கொடுக்கப் போனபோது, கொழுந்து வாட்டும் மாடியில் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. நீளமான தொட்டிகளில் கம்பி வலை விரித்து, அதன் மேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று விடுவார்கள். ஒரு தொட்டியின் கடைசியில் கொழுந்து இல்லாமல் வெறும் வலை கிடந்தது. பையை அங்கே வைத்தேன். நெருப்பு இல்லை, வெறும் காற்றுத்தானே என்று நினைத்தேன்.

தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஸ்டோருக்குள் பீடி குடிக்க விடமாட்டார்கள், பூ வைக்க விடமாட்டார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் புத்தியில் நனைந்த பை மட்டும்தான் இருந்தது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நான் போன பிறகு வந்த கொழுந்தை, மங்கல் வெளிச்சத்தில் பையைக் கவனிக்காமலே, அதைச் சுற்றிலும் நெருக்கமாகப் பரப்பியிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு வேகமாக இறங்கினேன். அது காய்ந்து விறைத்திருந்தது. அடிப்பக்கத்தில் கம்பி வலையின் கட்டம் கட்டமான அச்சு அப்படியே பதிந்திருந்தது.

பத்து மணிக்குத் திரும்பவும் ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா, அரைத்த கொழுந்தைக் கையில் அள்ளி மோந்தபடி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் கொழுந்து பரப்புகிற பெண் நின்றாள். என் பெண்சாதிக்குத் தூரத்துச் சொந்தம், என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள்.

"தலைக்கு வேப்பெண்ணெய் வச்சிக்கிட்டு வந்தியா? பேன் பார்க்க ஒனக்கு வேற எடம் கெடைக்கலையா?"

"மோந்து பாருங்க ஐயா, தேங்காண்ணதான். சாமி சத்தியமா தேங்காண்ண."

"அவ தலைய மோந்தா ஐயாவுக்குத்தான் மயக்கம் வரும்" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தொரை முடிவு சொல்லும் வரை வேலை இல்லை. நான் கதவோரம் நின்றேன். பை என் தோளில் தொங்கியது. வேப்பெண்ணெய் நாற்றம் எனக்கு அடித்தது. மற்றவர்களுக்கு எப்படி அடிக்காமல் போனது என்று இன்னும் தெரியவில்லை. ஸ்டோர் முழுக்க அதே நாற்றமாக இருந்ததால் இருக்கலாம். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். வேலை போனால் லயக் காம்பராவும் போய்விடும். இந்த வயதில் அஞ்சாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

மூன்று நாள் அப்படியே போனது. தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்கு அவள் குடத்தோடு வந்தால், "வேப்பெண்ண வருது, தள்ளி நில்லுங்கடி" என்று மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் வலையச்சு பதிந்த பக்கத்தைத் தொடையோடு அழுத்திப் பிடித்து நடந்தேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், சூடான கரண்டியால் நீவினேன். அச்சு போகவில்லை. தேய்த்த இடம் கறுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. சாயம் போட்ட பையை எடுத்திருக்கலாமே என்று அழுகை வந்தது.

நான்காம் நாள் டீமேக்கர் ஐயா ஒரு கடித உறையை என்னிடம் கொடுத்தார். "அந்தப் பொம்பள விசயம். இப்பவே தொரைகிட்ட சேர்த்துடு."

ஸ்டோரிலிருந்து ஆபீசுக்குக் கால் மணி நேர நடை. அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கீழே ஆறு ஓடியது. ஒரு காகிதத்தைப் போட்டால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். இருபது வருஷத்தில் ஒரு கடிதத்தையும் நான் தொலைத்ததில்லை. என்னிடம் இருக்கிற நல்ல பெயர் அது ஒன்றுதான். எழுந்து நடந்தேன்.

தொரை கடிதத்தை வாசித்தார். நான் போகாமல் நின்றேன்.

"என்ன?"

பையைக் கழற்றி, அடிப்பக்கம் மேலே தெரிய அவர் மேசையில் வைத்தேன். அச்சைத் தொட்டுக் காட்டினேன்.

"இது... மாடியில கொழுந்து வாட்டுற நெட்டு, தொரை. நாந்தான் வச்சேன். வேப்பெண்ண பூசினதும் நாந்தான். அந்தப் பொண்ணு ஒண்ணும் செய்யல."

அவர் குனிந்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"மூணு நாளா ஏன் சொல்லல்ல?"

"பயம் தொரை."

"எனக்குப் பயந்தா?"

"எல்லாத்துக்கும் தொரை."

அவர் சிரிக்கவில்லை. "போ" என்றார்.

மறுநாள் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். எனக்கு ஒரு வாரம் கழித்து இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. ஆபீசில் என் கையிலேயே கொடுத்தார்கள்; என் பையிலேயே போட்டு, எனக்கே கொண்டுவந்தேன். இரண்டு நாள் பிரிக்கவில்லை. பிறகு கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று எழுதியிருந்ததாம். அதற்குப் பிறகு தொரை கூப்பிடுகிறார் என்று யார் சொன்னாலும் முதலில் பையை மோந்து பார்க்கிறேன்.

அவளுக்கு மட்டும் சொல்லாமல் ஒரு வருஷம் போய்விட்டது. இன்றைக்குக் காலையில் பீலிக்கரையில் அவள் தனியாக நின்றாள். சொல்லிவிட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை நகர்த்தவில்லை.

"அன்னைக்கு நீங்க கதவுகிட்ட நின்னீங்க அண்ணே" என்றாள். "எம் புள்ளைங்க ரெண்டும் என் தலைய மோந்து பார்த்துச்சுங்க. அதுங்களும் நம்பல."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. அதுங்ககிட்டயும் வந்து சொல்லுங்க. பின்னேரம் வாங்க. ரெண்டும் வீட்டுலதான் இருக்கும்."

போக வேண்டும். அந்தப் பிள்ளைகள் முன்னால் நாக்கு நின்றுபோனால் இந்தக் காகிதத்தையாவது நீட்டலாம் என்றுதான் உட்கார்ந்து எழுதினேன்.

ஐப்பசி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.