இடிக்கு ஒரு கீபோர்டு

அந்த வக்கீல் ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர் இடி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், அவளுடைய நாத்தனாரைத் தவிர. நாத்தனாருக்கு அதே ஆபீசில் கேஸ் கட்டுகளை அடுக்கி எடுத்துக் கொடுக்கும் வேலை. கணவரின் தங்கை என்பதால் எதையும் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. உரிமை இல்லாவிட்டாலும் சொல்லுவாள், அது வேறு விஷயம்.

பெயருக்குக் காரணம் டைப் அடிக்கும் விதம். ஐந்து தாளுக்கு நடுவே நான்கு கார்பன் வைத்து, கடைசித் தாளிலும் எழுத்து பளிச்சென்று விழ வேண்டும் என்று பழக்கிய கை அது. மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, கார்பன் போய்ப் பிரிண்டர் வந்தது, கை மட்டும் பழைய உத்தியோகத்திலேயே இருந்தது. ஆபீசில் வாங்கிக் கொடுத்த கீபோர்டு ஒவ்வொன்றும் அவளிடம் எட்டு மாதம் தாக்குப்பிடித்தால் அதிசயம்.

அவளுடைய மேஜை ஜன்னலோரம். பக்கத்தில் ஒட்டினாற்போல நாத்தனாரின் மேஜை. எதிரே கட்சிக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சு. முதுகுக்குப் பின்னால் ஒரு மரத்தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் வக்கீல். தடுப்பு கூரை வரை போகாது, ஆள் உயரத்தோடு சரி. பதினோரு வருஷமாக அண்ணியும் நாத்தனாரும் அந்த ஜன்னல் காற்றில் உட்கார்ந்து ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் பேசித் தீர்த்திருக்கிறார்கள். இன்னும் தீரவில்லை.

வினை வீடியோ விசாரணையில் வந்தது. வக்கீல் தன் அறையிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாக வாதாடிக்கொண்டிருந்தபோது நீதிபதி நிறுத்தி, "அங்கே ஏதாவது கட்டட வேலை நடக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். வக்கீலுக்கு வியர்த்துவிட்டது.

"நான் குறை சொல்லலம்மா. உங்க வேலை சுத்தம்" என்றார் வெளியே வந்து. "ஆனா சத்தம் தாங்கல. ஒண்ணாம் தேதியிலேர்ந்து பின்னாடி ஃபைல் ரூம்ல உக்காந்துக்குங்க."

ஃபைல் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. மூன்று பக்கம் அலமாரி, ஒரு பக்கம் கதவு, நடுவில் கண்ணடிக்கும் ஒரு டியூப்லைட். அவள் ஒரு தடவை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணாம் தேதிக்குள்ள சத்தத்தை நிறுத்திட்டா, இங்கயே இருக்கலாமா சார்?"

"நிறுத்துங்க, பாக்கலாம்" என்றார், நம்பிக்கையே இல்லாமல்.

மெதுவாக அடித்துப் பார்த்தாள். ஒரு மனுவுக்கு அரை நாள் ஆனது, அதிலும் பாதி தப்பு. மெத்தென்று இருக்கும் ரப்பர் கீபோர்டு ஒன்றைக் கடன் வாங்கிப் பார்த்தாள். அதிலும் இடிதான், கூடவே விரல் வலி. அப்புறம்தான் பஸ்ஸில் போகும்போது போனில் அந்த வீடியோ கண்ணில் பட்டது. முகம் காட்டாத யாரோ ஒருவர், இரண்டு கை மட்டும், ஒரு கீபோர்டை முதலிலிருந்து பூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கீக்கும் அடியில் தனித்தனிச் சுவிட்சு. உள்ளே ரப்பர் மெத்தை வைத்த, சத்தமே வராத சுவிட்சு. அன்றைக்கு அவள் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டாள்.

உச்சியிலும் இல்லாமல் அடிமட்டத்திலும் இல்லாமல் நடு ரகமாகப் பார்த்து எல்லாவற்றையும் தருவித்தாள். கனமான பெட்டி, சர்க்யூட் பலகை, அதன் மேல் மூடும் தகடு, எண்பத்தேழு சுவிட்சு, பிஸ்கட் நிறத்தில் கீ மூடிகள். பார்சல் வந்த சனிக்கிழமை, சாப்பாட்டு மேஜையில் அத்தனையையும் பரப்பிவிட்டு உட்கார்ந்தபோது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணப் புடவையைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

கணவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அவருடைய பெட்டியில் இருப்பதிலேயே மெல்லிய பிரஷ் காணாமல் போயிருந்தது.

"என் பிரஷ்ஷ எடுத்தியா?"

"சுவிட்சுக்குள்ள கிரீஸ் தடவணும். சும்மா ஒரு நாளைக்கு."

"கிரீஸா? நீ கட்டுறது கீபோர்டா, சைக்கிளா?"

கேலி செய்தாரே தவிர, பத்து நிமிஷத்தில் அவரும் எதிரே உட்கார்ந்துவிட்டார். அவள் சுவிட்சைத் திறந்து நீட்டினாள். அவர் எழுத்துக்கு ஓரம் கட்டுகிற கையால் கிரீஸை மயிரிழை கனத்துக்குத் தடவினார். சுவர்க் கோட்டுக்கு ஒட்டும் காகித டேப்பைக் கிழித்து, பலகையின் முதுகில் இரண்டு வரிசை ஒட்டவும் அவர்தான் கற்றுக்கொண்டார். "இது எதுக்கு?" என்று கேட்டதற்கு, "சத்தம் பதவிசாகும்" என்றாள் அவள், பிறந்ததிலிருந்தே இந்தத் தொழில் செய்கிறவளைப் போல.

ஞாயிறு மத்தியானம் எண்பத்தேழு சுவிட்சும் தகட்டுக்குள் இறங்கி, பலகையைப் பிடித்துக்கொண்டன. நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாத்தனார் மேஜையைச் சுத்தம் செய்யலாம் என்று காலி டப்பாவைத் தூக்கினாள். அடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் விழுந்தது.

"இது என்ன அண்ணி, கம்பி கம்பியா?"

அவளுக்கு உயிரே போயிற்று. ஸ்பேஸ் பார் போல நீளமான கீ ஆடாமல் இருக்க அடியில் வைக்கும் கம்பிகள் அவை. எல்லாவற்றுக்கும் முதலில், பலகையில் திருகி வைக்க வேண்டியவை. வீடியோவில் அந்த மனுஷன் மூன்று தடவை சொல்லியிருந்தான். மூன்று தடவையும் அவள் தலையாட்டியிருந்தாள்.

"அதெல்லாம் இல்லாட்டி என்ன?" என்றார் கணவர்.

"ஸ்பேஸ் பார் லொடலொடன்னு ஆடும். இருக்கிறதிலேயே நான் ஓங்கிப் போடுறது அதைத்தான்."

வேறு வழியில்லை. இடுக்கி மாதிரி ஒரு கருவியால் ஒவ்வொரு சுவிட்சாகப் பிடுங்கினார்கள். "குடும்பமா உக்காந்து பல்லு பிடுங்குறோம்" என்று நாத்தனார் ஆரம்பிக்க, மூன்று பேருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பில் கைதவறி ஒரு சுவிட்சின் கால் ஒடிந்தது. உபரி கிடையாது. கடைசியில், மேல் வரிசையில் ஜன்மத்துக்கும் யாரும் தொடாத ஒரு கீயைக் காலியாக விட்டு அதன் சுவிட்சை இங்கே போட்டாள். அந்த ஓட்டை பல் விழுந்த வாய் போலவே இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

ஒண்ணாம் தேதி திங்கட்கிழமை. காலையில் அவள் வழக்கம்போல ஓங்கி ஓங்கித்தான் அடித்தாள். வந்ததோ தலையணையில் விரல் பட்டாற்போல ஒரு சத்தம். அரை மணி கழித்து வக்கீல் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"வந்திருக்கீங்களா? லீவுன்னு நெனச்சேன்."

நாத்தனார் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். இடம் நிலைத்தது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

சாயங்காலம் பெஞ்சு நிறைந்தது. உள்ளே ஒரு மளிகைக் கடைக்காரர் தணிந்த குரலில் ஆரம்பித்தார். உயிலில் மாப்பிள்ளை பெயர் வேண்டாமாம். மகள் பெயர் மட்டும் போதுமாம். ஏன் என்றால், மாப்பிள்ளை குடிக்கிறானாம். ஒவ்வொரு சொல்லும் தடுப்புக்கு மேலாக ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு கண்ணாடிக்காரர் பேப்பரை மடித்தார்.

"அவசரப்படாதீங்க" என்றார் தடுப்பைப் பார்த்து, உரக்க. "என் மாமனாரும் இப்படித்தான் செஞ்சார். அப்புறம்தான் நான் திருந்தினேன்."

உள்ளே நாற்காலி பின்னால் நகர்ந்தது. கடைக்காரர் யாரையும் பார்க்காமல் வெளியேறினார். அடுத்துப் போனவர் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். அதற்கு அடுத்தவர் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெஞ்சு காலியானதும் வக்கீல் வந்து அவள் மேஜையருகே நின்றார்.

"அந்தப் பழைய கீபோர்டு எங்கம்மா?"

"பழசு எடுக்கிறவர்கிட்ட போட்டுட்டேன் சார்."

வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். "இத்தனை வருஷமா என் கட்சிக்காரங்க மனசு விட்டுப் பேசினதே உங்க சத்தத்தை நம்பித்தான் போலிருக்கு. காலையில கோர்ட்டுக்கு இது இருக்கட்டும். சாயங்காலத்துக்கு அது வேணும்மா. அந்த இடி."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப ஃபைல் ரூம் சார்?"

"நீங்க அங்க போனா நான் ஆபீஸையே மூடணும்."

டைப் கற்றுக்கொடுத்த வாத்தியாரிலிருந்து பெற்ற அம்மா வரை எல்லோரும் 'மெல்ல, மெல்ல' என்று சொல்லியே பழக்கம். உன் சத்தம் வேண்டும் என்று ஒருவர் சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்தது. அதைத் துடைப்பதற்குள்ளேயே, அடுத்ததற்கு எந்தச் சுவிட்சு வாங்கலாம் என்று யோசனை ஓடியது.

"ஒண்ணு போதும்னு சொன்னியே?" என்றார் கணவர் வீட்டில்.

"இது ஆபீஸ் வேலைங்க" என்றாள் அவள், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. இந்தத் தடவை பொட்டலம் பிரித்ததும் முதலில் கம்பிகளைத் திருகினாள். சுவிட்சு அழுத்தினால் 'டக்' என்று அறிவிக்கிற ரகம். டேப்பும் இல்லை, கிரீஸும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து மளிகைக் கடைக்காரர் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தார். அவள் கீபோர்டை மாற்றி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு வாடகை ஒப்பந்தத்தை ஆரம்பித்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினார். பெஞ்சில் அதே கண்ணாடிக்காரர் காதருகே கையைக் குவித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் மறுபடி பேப்பரை விரித்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தபடியே ஸ்பேஸ் பாரை இன்னும் ஒரு போடு போட்டாள்.