எண்ணெய் வைத்த தலை

எங்கள் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் குற்றாலம் போய் வந்தவர். ஒரு நாள்கூட அருவியில் குளித்ததில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள். சங்கரன்கோவிலில் கிளம்பி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஆளை ஏற்றி இறக்கிக் குற்றாலம் போய்ச் சேர்ந்தால், கால் மணி நேரத்தில் வண்டியைத் திருப்பி எடுக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் டிரைவர் ஓடிப் போய்த் தலையை நனைத்துவிட்டு வந்துவிடுவார். கண்டக்டருக்கு அது முடியாது. டிக்கெட் நம்பர் எழுத வேண்டும், திரும்புகிற கூட்டத்தை ஏற்ற வேண்டும். தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அருவிக்கு அடியில் போய் நிற்க முடியுமா?

பெரியம்மா சீக்கிரமே போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. அதனால் பெரியப்பா தம்பி வீட்டிலேயே, அதாவது எங்கள் வீட்டிலேயே, முன்னறையில் இருந்தார். நான் அப்போது ஊரிலேயே டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. நாள் முழுக்க யாரையாவது "லைன் கிடைக்கல, வைங்க" என்று அதட்டிவிட்டு வந்து, வீட்டிலும் அதே குரலில்தான் பேசுவேன் என்று அம்மா குறைப்படுவாள். அவள் சொன்னது உண்மை. எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் ரிடையர் ஆகும்போதே முட்டிகள் இரண்டும் போய்விட்டன. ஓடுகிற வண்டியில் தொற்றியதும், நிற்பதற்கு முன்னால் குதித்ததும் அவ்வளவு வருஷம் கழித்துத் தங்கள் வேலையைக் காட்டின. சமதரையில் மெதுவாக நடப்பார். படிதான் ஆகாது. எங்கள் வீட்டுப் பின்வாசலில் கிணற்றடிக்கு இறங்க இரண்டே இரண்டு படி. அதற்கே நிலையைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, மறுகாலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பார். அதற்குள் எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும்.

ஒரு நாள் நான் தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "குத்தாலத்துத் தண்ணி என் சட்டையில பட்டிருக்கு மக்கா. தலையில பட்டதில்ல, பாத்துக்கோ."

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். சீசனில் குளித்துவிட்டு ஈரத் துணியோடு ஏறுகிற கூட்டத்துக்கு நடுவே டிக்கெட் போட்டுக்கொண்டே போவாராம். தென்காசி தாண்டுவதற்குள் காக்கிச் சட்டை நனைந்துவிடுமாம். மற்றவர்கள் குளித்த ஈரம். அதுவே குளுகுளுவென்று நன்றாக இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இந்த சீசனுக்கு நான் உங்களக் கூட்டிட்டுப் போறேன் பெரியப்பா."

"என்னத்துக்கு மக்கா, இந்தக் கால வச்சுக்கிட்டு" என்றார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. தென்காசிப் பக்கமிருந்து யார் வந்தாலும் சாரல் விழுதா என்று கேட்பார். அம்மாவிடம் சொல்லி நல்லெண்ணெயில் சீரகம் போட்டுக் காய்ச்சி வாங்கி, இருமல் மருந்து குப்பி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் ஊற்றித் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். புதுத் துண்டு ஒன்றும் அதற்குள் போயிற்று. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

எந்த அருவி என்று முடிவு செய்தது நான்தான். பெரிய அருவிக்கு நான் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். சீசனில் அங்கே பெண்கள் பக்கம் நிற்பதற்குள் உயிர் போய்விடும், ஒருத்தி முழங்கை இன்னொருத்தி மூக்கில் இருக்கும். கூட வேலை பார்த்த ஒருத்தி, பழைய குற்றாலத்தில் அவ்வளவு கூட்டம் இருக்காது, நிம்மதியாக நிற்கலாம் என்றாள். பெரியப்பாவுக்கும் அதுதான் நல்லது, இடிபடாமல் நிற்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொல்வதென்றால், கூட்டம் எனக்குத்தான் ஆகாது.

வீட்டில் வந்து சொன்னேன்.

"பழைய குத்தாலமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"ஏன், அங்க போனா என்ன?" என்று பாய்ந்தேன். பகல் முழுக்கக் கத்திவிட்டு வந்த தொண்டை.

"ஒண்ணுமில்ல மக்கா. நீ சொன்னா சரிதான். உனக்குப் பிடிச்ச இடத்துக்கே போவோம்."

மறுநாளிலிருந்து, நான் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்தில், பெரியப்பா பின்வாசல் படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார். இரண்டு படி ஏறுவார், நிற்பார், இரண்டு படி இறங்குவார். நெற்றியில் வியர்வை பொடித்திருக்கும். பஸ் படி ஏறுவதற்குப் பழகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். "என்ன பெரியப்பா, பந்தயத்துக்கா போறீங்க?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

ஆடி மாதத்தில் எனக்கு வார லீவு வந்த ஒரு நாள் போனோம். சீசன் நன்றாக இருந்த வருஷம். பஸ்ஸில் கண்டக்டர் பையன் அவரைத் தெரிந்தவன், கைகொடுத்து ஏற்றித் தன் சீட்டையே கொடுத்தான். பெரியப்பா அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊர் வரும்போதும் அந்தப் பையன் குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே வாய்க்குள் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். கடையநல்லூர் தாண்டி மலையும் மேகமும் தெரிந்ததும் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

குற்றாலத்தில் இறங்கிப் பழைய குற்றாலத்துக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும். இறங்கின இடத்திலிருந்தே பெரிய அருவி தெரிந்தது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. பெரியப்பா அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க பெரியப்பா, வண்டி கெளம்பிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். என்னோடு வந்தார்.

பழைய குற்றாலத்தில் அடிவாரத்திலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் எல்லாரும் மேலே போவார்கள். பெரியப்பாவும் ஒரு கல்லில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, குப்பியைத் திறந்தார். உச்சந்தலையில் வைத்து, அரக்கித் தேய்த்து, காது, கழுத்து, தோள், முட்டி என்று ஒரு இடம் விடாமல் பூசினார். குப்பியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. சாரலில் அவர் தலை பளபளத்தது. புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அருவி மேலே எங்கோ இருந்தது. அதுவரைக்கும் படிகள்.

"இவ்வளவு படியா?" என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

முதல் பத்துப் படி ஏறினார். பின்வாசலில் ஏறியதைப் போலவே, பக்கவாட்டில், ஒரு கால், பிறகு மறு கால். மேலேயிருந்து நனைந்து நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். படி வழுக்கியது. பதினைந்தாவது படியிலோ என்னவோ அவர் கை என் தோளை இறுக்கியது. இன்னும் சில படிகள். பிறகு நின்றுவிட்டார். எண்ணெய் புருவம் வரை வழிந்திருந்தது. முட்டி ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

பின்னால் வந்த இரண்டு பையன்கள் நின்றார்கள். "பெரியவரே, நாங்க தூக்கிட்டுப் போகட்டா?" என்று கேட்டான் ஒருவன். கிண்டல் இல்லை, மனசாரத்தான் கேட்டான்.

"வேண்டாம்யா. நீங்க போங்க" என்றார். எத்தனையோ பேரைக் கைகொடுத்துத் தூக்கி ஏற்றினவர். அத்தனை பேர் பார்க்கத் தன்னைத் தூக்கிக்கொண்டு போவதற்கு அவர் சம்மதிக்கவில்லை. நானாவது வற்புறுத்தியிருக்கலாம். வழுக்குகிற படியில் கீழே போட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

படி ஓரத்தில் உட்கார்ந்தார். "முடியல மக்கா. நீ போயிட்டு வா. துணியெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க இல்லாம நான் மட்டும் எப்படிப் போக?"

"கூட்டிட்டு வந்தது நீதான? போ, போயிக் குளி. இல்லன்னா எனக்கு வருத்தமாயிரும்."

போனேன். போனது மட்டுமில்லை. தண்ணீர் தலையில் விழுந்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கூட்டமும் அவ்வளவாக இல்லை, தோழி சொன்னது சரிதான். முதுகில் யாரோ குத்துகிற மாதிரி தண்ணீர் விழுந்தது, மூச்சு முட்டியது, சிரிப்பு வந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுகிற மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

வெளியே வந்த பிறகுதான் அவர் நினைப்பு வந்தது. குடிப்பதற்குத் தண்ணீர் கொண்டுபோன தூக்குவாளியைப் பாறை ஓரமாக வைத்திருந்தேன். அதில் அருவித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக இறங்கினேன். பெரியப்பா அதே படியில், என் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலேயே பார்த்தபடி இருந்தார். தூறல் அவர் தலையில் விழுந்து, எண்ணெயில் ஒட்டாமல் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, தலைய குனிங்க. ஊத்துதேன்."

வாளியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "வாளித் தண்ணிக்கு இவ்வளவு தூரம் என்னத்துக்கு மக்கா?" என்றார். கோபமாக இல்லை. கையைக் குவித்து ஒரு வாய் வாங்கிக் குடித்தார். "நல்லா சில்லுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை என்னையே குடிக்கச் சொன்னார்.

எண்ணெய் வைத்த தலையோடு யாராவது பஸ் ஏறுவார்களா? அவர் ஏறினார். துண்டால் அழுத்தித் துடைத்தும் போகவில்லை, ஜன்னல் கம்பியில் தலை பட்ட இடமெல்லாம் எண்ணெய். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நான் உடை மாற்றிக்கொண்டு, ஈரச் சேலையைப் பையில் திணித்திருந்தேன். அந்தப் பையை அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கடையநல்லூரில் வண்டி நின்றபோது கவனித்தேன். பையிலிருந்து தண்ணீர் கசிந்து அவர் சட்டை வயிற்றுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"கொடுங்க பெரியப்பா" என்று பிடுங்கிக்கொண்டேன். அழுகை வந்தது, அதனால் குரல் அதட்டலாகத்தான் வந்தது. "அடுத்த சீசனுக்குப் பெரிய அருவிக்கே போவோம்."

"போவோம்" என்றார்.

வீட்டு வாசலில் அம்மா அவர் தலையைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், குளிக்கலையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எங்க குளிக்க? கூட்டம்னா கூட்டம், நிக்க எடமில்ல. கொஞ்சம் வெந்நி போட்டுக் கொடு தாயி."

வெந்நீர் போட நானே உள்ளே போய்விட்டேன்.

அடுத்த சீசன் வருவதற்கு முன்னால், சித்திரை வெயிலில், ஒரு மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு அவரோடு வெகுகாலம் வண்டி ஓட்டிய டிரைவர் வந்திருந்தார். பெரியப்பாவைவிட வயதில் சின்னவர். முன்னறை வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அழுதபடியே பழைய கதைகளைச் சொன்னார்.

"சீசன்ல வயசாளி யாரு ஏறினாலும் அண்ணாச்சி மொதல்ல எந்த அருவிக்குன்னுதான் கேப்பாரு. பழைய குத்தாலம்னு சொல்லிட்டா விடமாட்டாரு. 'அங்கன படி ஜாஸ்தி, உங்களால ஏற முடியாது. பெரிய அருவிக்குப் போங்க, ரோட்ட விட்டு எறங்கினாத் தண்ணிதான்'னு சொல்லி, வழியும் காட்டி விடுவாரு. அந்தப் புண்ணியத்துல எத்தன பேரு குளிச்சிருக்காங்க தெரியுமாம்மா?"

"பழைய குத்தாலமா?" என்று பெரியப்பா கேட்டதும், பிறகு சும்மா இருந்ததும், பின்வாசல் படியில் வியர்க்க வியர்க்க ஏறி இறங்கியதும், பெரிய அருவியைப் பார்த்தபடி நின்றதும் ஒன்றாகச் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றன. முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் சொன்னவர், என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்ல விட்டேனா நான்?

பெரியப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களோடு திரும்பி வந்தார்கள். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்தோம். என் முறை வந்தது. விரலால் தொட்டு வைத்தால் போதும் என்றார்கள். நான் உள்ளங்கையில் ஊற்றி, உச்சந்தலையில் வைத்து, அவர் அன்றைக்குத் தேய்த்த மாதிரியே காது, கழுத்து, தோள் என்று பூசினேன். போதும் ஏட்டி, போதும் என்று அத்தை ஒருத்தி என்னைப் பிடித்து விலக்கினாள். குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீர். எண்ணெய் கரைந்து அவர் நெற்றி வழியாக ஓடியது. வாளித் தண்ணிக்கு இவ்வளவு தூரம் என்னத்துக்கு என்று கேட்டவர், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.