கையெழுத்துப் போட்ட நட்சத்திரம்

பள்ளிக்கூடத்திலிருந்து என் மகள் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். கிறிஸ்துமஸ் மரம். கறுப்புக் கோடு மட்டும் போட்ட ஜெராக்ஸ். அதற்கு வண்ணம் அடித்து, வெட்டி எடுத்து, அட்டையில் ஒட்டி, உச்சியில் நட்சத்திரம் வைத்து நாளைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். இந்த வீட்டுப்பாடமெல்லாம் பிள்ளைகளுக்கா, பெற்றவர்களுக்கா என்பது உங்களுக்கும் தெரியும். அவள் பச்சை அடித்து முடிப்பதற்குள் கிரேயானின் மெழுகு வாசனை கூடம் முழுக்க வந்துவிட்டது. "அப்பா, இத வெட்டிக் குடு" என்று கத்திரியை நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஒரு காயிதம் வெட்டுறதுக்கு இந்த மனுசனுக்கு இன்னா பயமோ" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மெழுகு வாசனை வந்தால் எனக்குக் கூடவே மிஷின் எண்ணெய் வாசனையும் வந்துவிடும். டிப்ளமோ முடித்த கையோடு, உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு சென்னைப் பக்கம் ஒரகடத்துக்கு வந்தவன் நான். கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மண்ணூரில் ஷீட் போட்ட ஓர் அறையில் ஆறு தெற்கத்திப் பையன்கள். மூன்று பேர் ஷிப்டுக்குப் போனால்தான் மற்ற மூன்று பேர் காலை நீட்டலாம்.

எங்கள் லைனில் ரிஜக்ட் ஆன பீஸில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவார்கள். அதில் ஆபரேட்டரின் டோக்கன் நம்பர், அதற்குக் கீழே சூப்பர்வைசரின் கையெழுத்து. இது எல்லா இடத்திலும் உள்ளதுதான். எங்கள் சூப்பர்வைசர் தேவராஜ் இன்னும் ஒரு படி மேலே போனார். பீஸ் ஸ்கிராப்புக்குப் போனதும் அட்டையை அவிழ்த்து, கெடுத்தவனின் சட்டைப் பொத்தானில் மாட்டிவிடுவார். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்வரை கழற்றக் கூடாது. கழற்றினால் பிடரியில் விழும். ஒருநாள் என் சட்டையில் மூன்று அட்டை. "இன்னா மேன், மாலையாட்டம் மாட்டிக்கினு கீற? இன்னிக்கு உனுக்குக் கண்ணாலமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் அறைந்தார். மறுநாள் வரை காதுக்குள் சத்தம் ஓயவில்லை. எங்கள் ஊரில் இப்படி ஒருவன் கை வைத்திருந்தால் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். அங்கே நான் "சாரி சார்" என்றேன்.

அறைக்கு வந்ததும் மற்றவர்கள் அட்டையைக் கிழித்து எறிவார்கள். நான் மட்டும் அவர்களுடையதையும் பொறுக்கி, என்னுடையதோடு ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன். என்றைக்காவது ஒருநாள் தேவராஜின் வாயில் அத்தனையையும் திணிப்பது என்று திட்டம். சிரிக்காதீர்கள். இருபத்தோரு வயசு.

அதே தேவராஜ் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் சபையில் வேதப்பாடம் வாசிப்பார். சபை என்றால் அதுவும் ஒரு ஷீட் கொட்டகைதான். கண்டெய்னர் லாரி போனால் பிரசங்கம் நின்று, பிறகு தொடரும். அவர் மனைவி எஸ்தர் அக்கா ஞாயிறு பள்ளி நடத்தினார். "தம்பி, உங்க ஊரு பக்கம் பெரிய பெரிய கோயிலாச்சே, கிறிஸ்மஸுக்கு நம்ம பசங்களுக்கு எதுனா செய்யக் கத்துக் குடேன்" என்றார். எனக்குக் காகிதக் கப்பல்கூட மிதக்கும்படி செய்யத் தெரியாது. இருந்தாலும் தலையாட்டினேன். வகுப்பு முடிந்தால் அக்கா சோறு போடுவார்.

பதினான்கு பிள்ளைகள், மரத்தின் படம் போட்ட பதினான்கு ஜெராக்ஸ், மூன்றே மூன்று பச்சை கிரேயான். சமாதானப் பிரபு பிறக்கிற பண்டிகைக்கு நாங்கள் எப்படித் தயாரானோம் என்று கேளுங்கள். முதல் வாரம் பச்சைக்காக ஒருவன் இன்னொருவனின் காதைக் கடித்தான். இரண்டாம் வாரம் சீவிய பென்சில் ஒரு தொடையில் இறங்கியது. நான் மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு எல்லாரையும் விளாசினேன். தேவராஜிடம் வாங்கியதையெல்லாம் அந்தப் பொடிசுகளின் முட்டியில் இறக்கினேன் என்பதுதான் உண்மை. இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது சுகமாக இருந்தது.

சண்டைக்கே போகாத ஒரே பிள்ளை ஜெனிஃபர், தேவராஜின் மகள். எட்டு வயசு. கையிலிருந்த பச்சையை யாராவது பிடுங்கினால், பேசாமல் நீலத்தை எடுத்து மரத்தை முடித்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம் கிரேயான் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் பெரிய கட்டுப் போட்ட ஆபரேட்டர் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போயிருந்தது. விசாரிக்க வருகிறவர்களிடம் அவன் சொல்ல வேண்டியதைத் தேவராஜ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்க, சொல்லு. என் கவனக்குறைவால் நடந்தது. வேறு யாரும் காரணம் இல்லை." அவன் இடையில் அழுதுவிட்டான். "அழுவாம சொல்றா. கரீட்டா சொன்னாதான் வேல இருக்கும்." திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். பக்கத்தில் ஜெனிஃபர் குப்புறப் படுத்துக்கொண்டு மரத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் கிரேயானை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு. முன்னால் ஆராதனை நடக்க, கொட்டகையின் பின்தடுப்பில் எங்கள் வகுப்பு. பழைய கார்ட்டன் அட்டையை வெட்டி ஆள் உயரத்துக்கு மரம் நிறுத்தி, பிள்ளைகள் வண்ணம் அடித்த தாள்களை அதன்மேல் வரிசையாக ஒட்டினோம். நட்சத்திரத்துக்குச் சிவப்புத் தாள் இல்லை. எனக்கு பிஸ்கட் டின் நினைவு வந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, ஐந்து அட்டையைக் கோத்தால் ஒரு நட்சத்திரம் என்று காட்டிக்கொடுத்தேன். எழுத்துப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் மைதாப் பசை காய்ச்சப் போனேன்.

திரும்பி வந்தால் மரம் முழுக்க நட்சத்திரம், அத்தனையும் எழுத்துப் பக்கம் வெளியே தெரிய. ஜெனிஃபர் குதித்துக்கொண்டிருந்தாள். "சார், இதெல்லாம் எங்கப்பா கையெத்து! எல்லாத்துலயும் எங்கப்பாதான் போட்டுக்கீறாரு!" அவள்தான் எல்லாரையும் திருப்பி ஒட்ட வைத்திருந்தாள். உச்சியில் வைக்கப் பெரிதாக ஒன்று செய்து, நடுவில் 'அப்பாவுக்கு' என்று ஸ்கெட்சில் எழுதியும் இருந்தாள்.

அப்போதே பிய்த்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. இருக்கட்டும், சபை மொத்தமும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆராதனை முடிந்து தேவராஜ் உள்ளே வந்தார். மகள் "அப்பா!" என்று கைதட்டினாள். அவர் மரத்தைப் பார்த்தார், டோக்கன் நம்பர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கம்பெனி டேக்க சர்ச்சுல தொங்கவுட்டு என்ன நாறடிக்கிறியாடா, பொறம்போக்கு?" முதல் அறையில் என் உதடு கிழிந்தது. மரத்தை எட்டி உதைத்துச் சாய்த்து, நட்சத்திரங்களைச் செருப்புக் காலால் மிதித்தார். பிள்ளைகள் கத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். தடுக்க வந்த எஸ்தர் அக்காவை முழங்கையால் இடித்தார். அக்கா பெஞ்சோடு விழுந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி என் முதுகில் அடித்தார். நாற்காலி உடைந்தது.

கார்ட்டன் வெட்டிய கத்திரி கையில் இருந்தது என்று மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். நான்தான் ஓங்கினேன். அவர் கழுத்தைப் பார்த்துத்தான் ஓங்கினேன். மாலையாட்டம் மாட்டிக்கினு கீற என்ற அந்தக் குரல் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெனிஃபர் மிதிபட்ட பெரிய நட்சத்திரத்தைப் பொறுக்கக் குனிந்திருந்தாள். பொறுக்கி எடுத்து, கையை உயர்த்தி, அதை அப்பாவிடம் காட்ட நிமிர்ந்தாள். கத்திரி அவள் வலது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. அவள் கத்தவில்லை. கையிலிருந்த நட்சத்திரத்தைத்தான் பார்த்தாள்.

ஷேர் ஆட்டோவைப் பிடித்துத் தண்டலம் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேவராஜ் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றிப் பிடித்திருந்தார். வழியெல்லாம் என்னைப் பார்க்காமலே, "உன்ன உள்ள தள்ளாம வுடமாட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா முகம், தங்கை முகம், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் என் கண்முன் வந்தது. பிள்ளையின் கையைப் பற்றி அப்போது நினைத்தேனா என்று கேட்காதீர்கள்.

நர்ஸ் கட்டை அவிழ்த்துப் பார்த்து முகம் மாறினார். "இது ஆழமான குத்தாச்சே. யாரு பண்ணது? போலீஸுக்குச் சொல்லணும்."

தேவராஜ் வாயைத் திறந்தார். அதற்குள் ஜெனிஃபர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். "என் கவனக்குறைவால் நடந்தது. வேறு யாரும் காரணம் இல்லை."

"அடேங்கப்பா, எப்படிப் பேசுது பாரேன்" என்று நர்ஸ் சிரித்துவிட்டார். "சொல்லுங்க சார், கொழந்த சொல்றது நெசமா?"

தேவராஜ் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். நர்ஸ் அதையே எழுதிக்கொண்டார்.

தையல் போட அவளை உள்ளே கொண்டுபோனதும் தேவராஜ் என்னைப் பார்த்துக் கேட்டார். "அவ எங்கடா கத்துக்கினா இத?" எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் அப்படியே குந்தி உட்கார்ந்து தன் முகத்தில் தானே இரண்டு கையாலும் அறைந்துகொண்டார். வாட்ச்மேன் ஓடிவந்து பிடிக்கும்வரை நிறுத்தவில்லை.

அன்றோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுத ஆசைதான். திங்கட்கிழமை யாரையும் அடிக்கவில்லை. வியாழக்கிழமை ஒருவன் பிடரியில் பழையபடி விழுந்தது. அட்டை மாட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்.

ஜனவரியில் நான் வேறு கம்பெனிக்கு மாறினேன். போகுமுன் ஒரு ஞாயிறு, மன்னிப்புக் கேட்கலாம் என்று கொட்டகை வாசல்வரை போனேன். ஜெனிஃபர் இடது கையால் ஏதோ வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். நரம்பு அறுந்து வலது கட்டைவிரல் மடங்காமல் போயிருந்தது. எஸ்தர் அக்கா வெளியே வந்தார். "நீ கத்திரிய கீழ வெச்சிருக்கலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான். நான் உள்ளே போகவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. கண்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. சிவப்பு அட்டையும் இல்லை. மிஷின் திரையில் சிவப்பு விளக்கு எரிகிறது, யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. தேவராஜ் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டது. ஓசூர் என்கிறார்கள், அரக்கோணம் என்கிறார்கள். "நான்தான் குத்தினேன்" என்று நான் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்கள் ஒருவரும் இங்கே இல்லை.

இவ்வளவையும் நான் யோசித்துக்கொண்டிருந்ததில், யாருக்கும் காத்திராமல் மகளே மரத்தை வெட்டி முடித்துவிட்டாள். ஒரு பக்கம் கோணல், உச்சியே இல்லை. "ஏன்டி இப்படிப் பண்ணே?" என்று மனைவி அதட்டினாள்.

"நா ஒண்ணும் பண்ணல. கத்திரிதான் சரியில்ல" என்றாள் மகள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவளுக்கும் எட்டு வயசுதான்.